நாற்பத்தெட்டு நாள் வாய்க்கட்டு

1943 மார்ச் முதல் தேதி, திங்கட்கிழமை, மலாயாவில் கெடாவின் பீடோங்கிலிருந்து மூன்றரை மைல் தள்ளி, ஆற்றோரம் இருந்த பழைய கச்சேரிக் கட்டடத்தில் வேலை தொடங்கியது. எண்பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஒரு மலாய்ப் பிரபு வழக்கு விசாரிப்பதற்கென்று கருங்கல்லில் கட்டிய கட்டடம் அது. பின்னால் வெள்ளைக்காரன் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னான். 1941 டிசம்பரில் பின்வாங்கி ஓடிய பட்டாளம், அங்கே அடுக்கியிருந்த வெடிமருந்துக்குத் தீ வைத்துவிட்டுப் போனதில் இடது பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஜப்பான்காரர்கள் அதை இருந்தது இருந்தபடி எழுப்ப வேண்டும் என்றார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வருடம் யாரும் எதையும் ஏன் என்று கேட்பதில்லை.

கல்வேலைக்கு ஆறு பேர். ஆறு பேரும் ஒத்தக்கிணறு என்ற ரப்பர்த் தோட்டத்தின் லயங்களில், வரிசை வீடுகளில், குடியிருந்தவர்கள். சண்டைக்கு முன் தோட்டங்களுக்குப் பாலமும் தண்ணீர்த் தொட்டியும் கட்டிப் பிழைத்தவர்கள். மேஸ்திரி பழனியாண்டிக்கு நாற்பத்தாறு வயது. எல்லோருக்கும் இளையவன் காளிமுத்து, இருபத்தொன்பது. சுண்ணாம்புக் குழிக்குப் பிச்சையம்மாள். கிணற்றிலிருந்து தண்ணீர் சுமக்க மருதம்மாள். எட்டுப் பேருக்கும் முத்திரை குத்திய வேலைச் சீட்டு ஒன்று கொடுக்கப்பட்டது. அதை எல்லோரும் சூராட் என்றார்கள். சூராட் இருந்தால் நாளுக்கு இரண்டு பால்டின் அரிசி. மற்ற லயங்களில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு.

மருதம்மாள் காளிமுத்துவின் அக்காள். எட்டு வயது மூத்தவள். தாய் தகப்பன் போனபிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். 1928இல் அவனுக்குப் பதினான்கு வயதானபோது, பால்மரம் வெட்டப் போவேன் என்று நின்றவனைத் தடுத்து, தன் புருஷன் அப்பளசாமியிடம் உளி பிடிக்கக் கொண்டுபோய் விட்டதும் அவள்தான். தொழில் கையில் இருந்தால் எந்தத் துரையிடமும் கைகட்ட வேண்டாம் என்று சொல்லி விட்டாள்.

அப்பளசாமி 1936 ஆகஸ்ட் 11ஆம் தேதி இறந்தார். அதற்கு முந்தைய பதினான்கு மாதங்கள் இருமினார். கடைசி இரண்டு மாதங்கள் படுக்கவில்லை. படுத்தால் மூச்சு வரவில்லை என்று, சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு மருதம்மாளை வெளியே அழைத்தார்.

“நெஞ்சுக்குள்ள கல்லு போயிருக்கும்மா. கண்ணுக்குத் தெரியற தூசி மூக்கோட நின்னுரும். தெரியாத தூசிதான் உள்ள போய் உக்காந்துக்கும். அப்புறம் எந்த மருந்துக்கும் எழுந்திருக்காது.”

“முன்னாடியே என்ன பண்ணியிருக்கணுங்க ஐயா?”

“தண்ணி ஊத்தி ஊத்திக் கொத்தணும். இல்லேன்னா ஈரத்துணியை ரெண்டு மடிப்பா மூக்கு வாய் மூடிக் கட்டணும். யாரு கேக்கறாங்க?”

இந்த இரண்டையும் மருதம்மாள் மறக்கவில்லை. ஆனால் அடுத்த ஆறு வருடங்கள் காளிமுத்து செய்த வேலையெல்லாம் வெட்டவெளியில், காற்றோட்டமான ஆற்றங்கரைகளில். தம்பி இருமவில்லை. வேலைக்கு நடுவில் தண்ணீர் வேண்டுமென்றால் சாரத்தின் மேலிருந்து நீளமாகச் சீழ்க்கை அடிப்பான். கிணற்றடி வரை கேட்கும். கச்சேரியில் நான்கு பக்கமும் சுவர். கீற்றுக் கொட்டகை போட்டு அதற்குள் ஆறு பேர் உட்கார்ந்து கொத்தினார்கள். முதல் நாள் மதியமே, தண்ணீர்க் குடத்தின் மேல் சாம்பல் ஏடு படிந்திருப்பதை அவள் பார்த்தாள்.

அன்று மாலையே தம்பி கொத்திக்கொண்டிருந்த கல்லின் மேல் அரைக் குடம் தண்ணீரைச் சாய்த்தாள். நூல் பிடித்து அடித்திருந்த காவிக் கோடு கரைந்து சிவப்பாக வழிந்தது. கோடு போய்விட்டால் எதைப் பார்த்துக் கொத்துவது?

“மருதம்மா, கல்லைக் குளிப்பாட்டி விடறியா? அப்படியே சாம்பிராணியும் போட்டுரு” என்றார் பழனியாண்டி.

“தூசி பறக்குதண்ணே.”

“கல்லைக் கொத்துனா தூசிதான் பறக்கும். பின்ன வெண்ணெயா பறக்கும்?”

மறுநாள், அக்காள் மனம் கோணக்கூடாது என்று, காளிமுத்து காவிக்குப் பதிலாக ஆணியால் கோடு கீறி, ஈரக் கல்லைக் கொத்திப் பார்த்தான். ஈரத்தில் கீறல் சரியாகத் தெரியவில்லை. மற்றவர்கள் இரண்டு பேருக்கு ஒரு கல் என்று முடித்திருந்தபோது அவன் பங்கு பாதிகூட ஆகவில்லை. அளவு துவான் வந்து நின்று எண்ணினார். அளவுநாடா இல்லாமல் யாரும் பார்த்தறியாத ஜப்பான் பொறியாளர் அவர். அதனால் அந்தப் பெயர்; துவான் என்றால் மலாயில் துரை. அவர் காளிமுத்துவின் கல்லைக் காட்டி இரண்டு வார்த்தை சொன்னார். கூட வந்த குமாஸ்தா, கிராணி பரஞ்சோதி, அதைத் தமிழில் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை.

அடுத்த நாள் துணி. மருதம்மாள் தன் சிவப்புக் கூறைப்புடவையிலிருந்து ஒரு முழம் கிழித்தாள். மாற்றுப் புடவை என்று அவளுக்கு வேறு இல்லை. இன்னொன்று போன தீபாவளிக்கே கிழங்குக்குப் போய்விட்டது. நனைத்து, இரண்டாக மடித்து, தம்பியின் மூக்கையும் வாயையும் மூடிப் பிடரியில் முடிந்தாள். ஐந்து பேரும் உளியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“எங்கம்மா செத்தப்ப நான்தான் இப்படி வாய்க்கட்டு கட்டினேன். கன கச்சிதமா இருக்கு” என்றார் பழனியாண்டி. “தங்கச்சி, குறையா விடாதே. கால் கட்டைவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டிரு. நெத்தியில ஒரு காசை வச்சிட்டா நாங்க நாலு பேரு தூக்கிருவோம்.”

கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. காளிமுத்துவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே துணியை அவிழ்த்து அக்காள் கையில் கொடுத்தான்.

“வேணாங்க்கா. உயிரோட இருக்கறவன் வாயைக் கட்டலாமா? அது சாவை வான்னு கூப்பிடற மாதிரி.”

அவளுக்கும் அது உறுத்தத்தான் செய்தது. உறுத்தலை விழுங்கிக்கொண்டு, நான்காம் தேதி வியாழக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் தோட்ட எல்லையில் இருந்த முனீஸ்வரர் மரத்தடிக்குப் போனாள். பூசாரி தர்மலிங்கம் விளக்குக்குத் தேங்காயெண்ணெய் இல்லாமல் செம்பனை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

“சாமி, நம்ம ஊர்ல சில கோயில்ல பூசாரி வாயைக் கட்டிக்கிட்டுத்தானே பூசை பண்றாங்க? மூச்சு சாமி மேல படக்கூடாதுன்னு?”

“ஆமா. அதுக்கென்ன?”

“அந்தக் கச்சேரிக் கல்லும் பழைய கல்லு. காவல் இருக்கும். மூச்சு படாம, காப்புக் கட்டி, வாயைக் கட்டிக்கிட்டுக் கொத்தணும்னு முனீஸ்வரர் உத்தரவுன்னு நீங்க சொல்லணும்.”

பூசாரி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “உத்தரவு எப்ப வந்துச்சு? எனக்குத் தெரியாம?”

அவள் அப்பளசாமி கடைசி இரண்டு மாதம் தூங்கிய விதத்தைச் சொன்னாள். பூசாரி கிண்ணத்தை மறுபடி எடுத்து, மிச்ச எண்ணெயை விளக்கில் ஊற்றினார்.

“சரி, கட்டறேன். எத்தனை நாளைக்கு?”

“வேலை முடியற வரைக்கும்.”

“அப்படிக் கட்ட முடியாது. நாள் சொல்லாத காப்பைச் சாமி ஏத்துக்காது. ஒரு மண்டலம். நாற்பத்தெட்டு நாள்.”

மருதம்மாள் மனதிற்குள் கணக்குப் போட்டாள். கொத்த வேண்டிய கல் நூற்று நாற்பது என்று பழனியாண்டி சொல்லியிருந்தார். நாளுக்கு மூன்று. நாற்பத்தேழு நாளில் முடியும். ஒரு நாள் மிச்சமே இருக்கிறது. சரி என்றாள்.

மார்ச் 5, வெள்ளிக்கிழமை விடியலில் ஆறு பேருக்கும் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டப்பட்டது. நேற்றுவரை சிரித்தவர்கள் தலை குனிந்து கையை நீட்டினார்கள். பூசாரி விரத நியமங்களைச் சொன்னார்: கள் கூடாது, கறி கூடாது, கல்லில் உளி படும்போது வாய்க்கட்டு அவிழக் கூடாது.

“கறியைக் கண்ணால பார்த்தே ஒரு வருஷமாச்சு சாமி” என்றார் பழனியாண்டி. “நாங்க இந்த விரதத்தை எப்பவோ ஆரம்பிச்சிட்டோம்.”

ஆறு துணிகளும் மருதம்மாளின் கூறைப்புடவையிலிருந்து வந்தவை. புடவை முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஏறிவிட்டது. காலையில், உச்சிப்பொழுதில், மூன்று மணிக்கு என்று நாளுக்கு மூன்று தடவை ஆறையும் நனைத்துப் பிழிந்து கொடுத்தாள். மணி என்றால் டோக்கியோ மணி. பழைய மணிக்கும் அதற்கும் ஒன்றரை மணி வித்தியாசம். சாயங்காலம் துணிகளை ஒரு சிரட்டைத் தண்ணீரில் அலசி வைத்தால், இரவு கழிந்து அடியில் சேறு படிந்திருக்கும். ஒருநாள் அதைத் தம்பியிடம் நீட்டிக் காட்டினாள். அரை விரல் கனத்துக்கு, மாவுபோல மெத்தென்று இருந்தது.

“இது உன் நெஞ்சுக்குள்ள போயிருக்கணும்.”

“அதான் போகலையே. சாமி பிடிச்சு வச்சிருச்சு பாரு” என்றான் காளிமுத்து. அவள் சிரட்டையைக் கவிழ்த்தாள்.

அளவு துவான் கொட்டகைக்குள் வரும்போதெல்லாம் வெள்ளை வலைத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வருவார். அதன் இரண்டு பக்க நாடாவும் காதில் மாட்டியிருக்கும். ஆறு பேரையும் துணியோடு முதலில் பார்த்த அன்று நின்று, தலையை ஒருமுறை அசைத்துவிட்டுப் போனார்.

“பார்த்தீங்களாண்ணே, அவரும் கட்டறாரு” என்றாள் மருதம்மாள்.

“அவன் நம்ம நாத்தம் தாங்காமக் கட்டறான். சோப்பு குடுத்தா குளிச்சிட்டு வரமாட்டோமா?” என்றார் பழனியாண்டி துணிக்குள்ளிருந்தே.

ஏப்ரல் 20ஆம் தேதி மாலை நூற்று நாற்பதாவது கல் சுவரில் ஏறியது. 21ஆம் தேதி புதன்கிழமை, நாற்பத்தெட்டாம் நாள், ஆற்றங்கரையில் காப்பு அவிழ்த்தார்கள். காப்புக் கயிறும் விரதத்தில் உடம்பில் பட்டதும் ஆற்றோடு போக வேண்டும் என்பது முறை. மருதம்மாள் பூசாரியின் காதருகே குனிந்து, துணியை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

“சாமிக்குப் போனது. திருப்பிக் கேக்காதே” என்றார் அவர், மெதுவாகத்தான்.

கடல் வற்றும் நேரம். ஆறு துணியும் சுருண்டு, விரிந்து, கடலைப் பார்த்துப் போயின. ஒன்று கண்டல் மரத்து வேரில் மாட்டிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றது. அதுவும் போகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். வேலை முடிந்தது, தம்பி தப்பித்தான் என்ற நினைப்பில் புடவைக்காக அவள் அதிகம் வருத்தப்படவில்லை.

22ஆம் தேதி காலை அளவு துவான் ஒரு விளக்கோடு உள்ளறைக்குள் போனார். முன்னாளில் வழக்குக் கட்டுகளைப் பூட்டி வைத்த அறை அது. இருபத்திரண்டு அடி நீளம், பதினான்கு அடி அகலம், வளைவான கல் கூரை, இரண்டடிக்கு ஒன்றரையடியில் ஒரே ஒரு ஜன்னல். சிறிய சுத்தியலால் ஒவ்வொரு கல்லையும் தட்டிக் கேட்டார். ஓசை சரியில்லாத கல்லில் கரியால் குறி போட்டார். வெடியில் கூரைக் கற்கள் உள்ளுக்குள் விரிந்திருந்தன. குறிகளை மருதம்மாள் எண்ணினாள். தொண்ணூற்றாறு. பழைய கல்லை இருந்த இடத்திலேயே கொத்திச் செதில் செதிலாக எடுத்து, அந்த வாய்க்குத் தக்கபடி புதுக்கல்லை உள்ளேயே வைத்து அளந்து அளந்து கொத்திச் சொருக வேண்டும். வெளியே வைத்துக் கொத்த வழியில்லை.

அந்த வேலையின் முதல் நாள் மாலை ஆறு பேரும் அறையிலிருந்து வெளியே வந்தபோது புருவம் முதல் பாதம் வரை வெள்ளை.

“ஆறு பேருக்கும் ஒரே முகூர்த்தமா? மாவு பூசி அனுப்பியிருக்காங்களே” என்று பிச்சையம்மாள் சுண்ணாம்புக் குழியிலிருந்து கேட்டாள்.

மருதம்மாள் அன்றைக்கே பூசாரியிடம் ஓடினாள்.

“ஒரே வேலைக்கு ரெண்டு காப்பு கிடையாது மருதம்மா. நான் சொன்னாலும் பழனியாண்டி நம்பமாட்டான். அவனுக்கும் முறை தெரியும். ஆடி வரட்டும். அம்மன் பேரைச் சொல்லி மறுபடி கட்டறேன்.”

ஆடிக்கு எண்பத்தைந்து நாள் இருந்தது. அவள் நாள் எண்ணத் தொடங்கினாள். அதுவரை ஆகட்டும் என்று புடவையில் இன்னும் ஒரு முழம் கிழித்துத் தம்பியிடம் நீட்டினாள். விரதம் முடிந்த பிறகு எதற்கு வாய்க்கட்டு என்றான். உச்சிப்பொழுதில் அறைக்குள் தண்ணீர் கொண்டுபோகும்போது தரையில் தெளித்தாள். தூசி பறந்தது கூரையிலிருந்து. தரை நனைந்து என்ன பயன்? கிழித்த துணியைச் சிகரெட் டின் ஒன்றில் மடித்துக் கூரைச் சட்டத்தில் வைத்தாள்.

ஜூன் 14ஆம் தேதி, திங்கட்கிழமை, ஆடிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கையில், ஒத்தக்கிணற்றுத் தோட்டத்துக்கு மூன்று லாரிகள் வந்தன. சயாமில் ரயில்பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள். சூராட் இருந்தவர்களை ஒதுக்கி நிறுத்திவிட்டு, மற்றவர்களில் முப்பத்தொரு பேரை ஏற்றினார்கள். இருபத்தோராவதாக ஏறியவர் பூசாரி தர்மலிங்கம். ஏறும்போது, மரத்தடி விளக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொன்னார். முப்பத்தொரு பேரில் திரும்பி வந்தவர்கள் நான்கு. அவர் அதில் இல்லை.

இனி காப்புக் கட்ட ஆள் இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, 16ஆம் தேதி மாலை, கிழங்கைத் தட்டில் போட்டு வைத்துக்கொண்டு மருதம்மாள் தம்பியிடம் உண்மையைச் சொன்னாள். முனீஸ்வரர் எதையும் உத்தரவு போடவில்லை. கேட்டது அவள், சொன்னது பூசாரி. சாமி சொன்னதற்காக அல்ல, நெஞ்சுக்காகத்தான் அந்தத் துணி. அதனால் இப்போதும் கட்டலாம், எப்போதும் கட்டலாம். உண்மை தெரிந்தால் அவன் கட்டிக்கொள்வான் என்று அவள் நம்பினாள்.

காளிமுத்து தட்டைத் தள்ளி வைத்தான்.

“அப்ப அது காப்பு இல்ல.”

“இல்லடா.”

“அப்ப நாற்பத்தெட்டு நாளும் எனக்குப் பொணக்கட்டுதான் கட்டியிருந்தே.”

“டேய் தம்பி...”

“எனக்கு மட்டுமில்ல. ஆறு பேருக்கும். சாமி பேரைச் சொல்லி.” அவன் குரலை உயர்த்தவில்லை. “பூசாரியை ஏன் லாரியில ஏத்துனாங்கன்னு இப்பத் தெரியுதுக்கா.”

மறுநாள் அது மற்ற ஐந்து பேருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். குடத்தை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பழனியாண்டி மட்டும் வந்து, கையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நாளையிலருந்து நீ சுண்ணாம்புக் குழிக்குப் போ தங்கச்சி. பிச்சையம்மா தண்ணி தூக்கட்டும். பசங்க பயப்படறாங்க லா. உன் கையால தண்ணி குடிக்க யோசிக்கறாங்க.”

“அண்ணே, அவன் ராத்திரி இருமறான்.”

“எல்லாருந்தான் இருமறோம். மழைக்காத்து.”

அவளுக்கு மிச்சமிருந்த வழி ஒன்றுதான். ஜூன் 28ஆம் தேதி கிராணி பரஞ்சோதியின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். தம்பியைக் கல்லிலிருந்து எடுத்து மண் சுமக்கவாவது போடும்படி கேட்டாள். பரஞ்சோதி கெட்டவர் அல்ல. பெயர்ப்பட்டியலைத் திருப்பி அவளுக்குக் காட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது அப்போது அவருக்கு நினைவில்லை.

“இங்க பாரும்மா. காளிமுத்து, கல்தச்சன். அதனாலதான் இந்தச் சீட்டு. மண் சுமக்கறவன்னு மாத்தினா சீட்டைத் திருப்பி வாங்கிருவாங்க. அடுத்த லாரி பதினேழாந் தேதி வருது.”

“அப்ப அந்த வெள்ளை வலைத்துணி ஒண்ணாவது துவான்கிட்ட கேட்டு வாங்கித் தாங்கய்யா. துவான் குடுத்ததுன்னா இவங்களும் கட்டுவாங்க.”

“போன வாரம் சாக்கு கேட்டவனைச் சாயங்காலம் வரைக்கும் வெயில்ல நிக்க வச்சாங்க. நான் பிள்ளைகுட்டிக்காரன்மா.” அவர் பட்டியலை மூடினார். “ஒரு பக்கம் சயாம், ஒரு பக்கம் தூசி. தூசியில நாளைக்கே சாகமாட்டான். அதைப் பிடிச்சுக்க.”

அவள் பிடித்துக்கொண்டாள். வேறு பிடி இல்லை.

சுண்ணாம்புக் குழியிலிருந்து அறை வாசலுக்கு நாற்பது தப்படி. ஜூலையிலிருந்து மழை பிடித்துக்கொண்டதால் ஜன்னலில் தார்ப்பாயைக் கட்டிவிட்டார்கள். வாசல் ஒன்றிலிருந்துதான் புகைபோலத் தூசி வந்துகொண்டிருந்தது. ஆறு உளிச் சத்தத்தில் தம்பியின் சத்தம் எது என்று அவளுக்குத் தெரியும். மூன்று அடி சீராக, நாலாவது அடி கொஞ்சம் அழுத்தமாக. அது நிற்கும்போதெல்லாம் சுண்ணாம்பு கிளறும் கோலை நிறுத்துவாள். இருமல் கேட்கும். மறுபடி மூன்றும் ஒன்றும். ஜூலையில் ஒரு காலைப்பொழுதுக்குள் ஐந்தாறு தடவை நின்றது. செப்டம்பரில் முப்பது தடவைக்கு மேல். சீழ்க்கை எப்போது நின்றது என்று அவளால் நாள் சொல்ல முடியவில்லை. ஒருநாள் கவனித்தபோது, தண்ணீர் வேண்டுமென்றால் அவன் சுத்தியலால் கல்லில் மூன்று முறை தட்டிக்கொண்டிருந்தான். பிச்சையம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அக்டோபர் 9ஆம் தேதி தொண்ணூற்றாறாவது கல் சொருகப்பட்டது. அதில் காளிமுத்து கொத்தியவை இருபத்தொன்று. அளவு துவான் சுத்தியலால் தட்டிக் கேட்டார். எல்லாம் ஒரே ஓசை. பத்து நாளில் கெடா முழுவதையும் ஜப்பான்காரர்கள் சயாம்காரர்கள் கையில் கொடுத்தார்கள். அவர்களுக்குக் காட்டத்தான் அந்தக் கட்டடம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். புது அதிகாரிகள் யாரும் அங்கே வந்து உட்காரவில்லை. உள்ளறையில் கொஞ்சகாலம் உப்பு மூட்டை அடுக்கியிருந்தது.

அதற்குப் பிறகு பதினாறு மாதங்கள். லயத்திலிருந்து கிணற்றுக்கு நூற்றுப் பத்துத் தப்படி. 1944 பொங்கலுக்குக் காளிமுத்து வழியில் ஒருமுறை நின்று போனான். ஆடியில் நான்கு முறை நின்றான். கார்த்திகையில் போகவில்லை. அக்காளோடு பேச்சு முன்போல ஆகிவிட்டது. கோபத்துக்கு மூச்சு வேண்டியிருந்தது, அது அவனிடம் இல்லை. மார்கழியில் ஒருநாள், சுவரில் சாய்ந்தபடி கேட்டான்.

“மாமாவும் இப்படித்தானே உக்காந்து தூங்குனாரு?”

“அது வேற, இது வேற. உனக்குச் சளி.”

“ம்” என்றான். கொஞ்சம் கழித்து, “அந்தச் சிரட்டையில காட்டுனியே, எவ்வளவு இருந்துச்சு?”

“ஞாபகம் இல்லடா.”

அரை விரல் கனம். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

1945 பிப்ரவரி 16ஆம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, வெயில் வாசலுக்கு வருவதற்குள் காளிமுத்து போய்விட்டான். முப்பத்தொரு வயது. பழனியாண்டியும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். ஆறில் இன்னொருவன் அதற்கு முந்தைய மாதமே போயிருந்தான். குளிப்பாட்டி முடித்ததும் பழனியாண்டி திரும்பிப் பார்த்தார்.

“வாய்க்கட்டுக்கு ஒரு துணி குடு தங்கச்சி.”

மருதம்மாள் அப்போது கோணிச்சாக்கைத்தான் உடுத்தியிருந்தாள். கூரைச் சட்டத்தில் சிகரெட் டின் இருந்தது. அதற்குள் ஒரு முழத் துணி, மடித்தது மடித்தபடி, ஒருமுறையும் கட்டாதது.

“துணி இல்லண்ணே” என்றாள்.

ஊரில் யாரிடமும் துணி இல்லாத காலம். பழனியாண்டி மேற்கொண்டு கேட்கவில்லை. வெளியே போய் வாழை நார் கிழித்து வந்து, தண்ணீரில் நனைத்து, நாடியைத் தூக்கிக் கட்டினார். கால் கட்டைவிரல்களையும் அதே நாரால் கட்டினார். பாதியில் நிறுத்தி இருமினார். முடிச்சை முடிக்க இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. பழைய கிண்டலை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தபோது பழனியாண்டி வாசலில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தார். ரோட்டுக்குச் சல்லி உடைக்கப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும். வேறு வேலையும் இல்லை.

“அந்தத் துணி, எத்தனை மடிப்பு கட்டணும்னு சொன்னே?” என்றார் தரையைப் பார்த்தபடி.

“ரெண்டு மடிப்பு. நனைச்சுக் கட்டணும். உச்சிப்பொழுதுல ஒரு தடவை அலசணும்.”

“இனிமே கட்டினா கேக்குமா?”

டிரெசர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்காது. “இன்னும் போகாம இருக்கும்ல அண்ணே” என்றாள்.

உள்ளே போய்ச் சிகரெட் டின்னை எடுத்து வந்து துணியை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை விரித்துப் பார்த்தார். அன்றைக்கு இல்லையென்று சொன்னாயே என்று கேட்கவில்லை. மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வழியில் இருமுவதற்கு இரண்டு இடத்தில் நின்றார்.

மறுநாள் காலை மருதம்மாள் தண்ணீருக்குப் போனபோது, பழனியாண்டியின் கடைசி மகள் இராசாத்தி கிணற்றடியில் நின்றிருந்தாள். நான்கு வயது. பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளை இடுப்பில் துணியைக் கண்டதில்லை. அன்று சிவப்பாக ஒரு முழத் துணி கட்டியிருந்தாள். ஒரு மடிப்புத்தான். இடுப்பைச் சுற்றிவரச் சரியாக எட்டியிருந்தது.

“அத்தே, பாரு. புதுசு” என்றாள்.

தூரத்தில், ரோட்டோரம், சல்லி உடைக்கும் சுத்தியல் சத்தம் தொடங்கியிருந்தது. மருதம்மாள் கேட்டுக்கொண்டு நின்றாள். நான்கு அடி விழுந்தது. நின்றது. பிறகு குடத்தைக் கிணற்றில் இறக்கினாள்.

“நல்லா இருக்குடி. அவிழ்த்துறாதே” என்றாள்.